கண்ணப்பர் பறித்த பச்சிலை



கண்ணப்ப நாயனார் என்றதும் நமக்கு அம்பும் கண்ணும்தான் ஞாபகத்துக்கு வரும். சின்ன வயசிலிருந்து சமய வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்தவங்க நாம. ஆனால் அவர் கண்ணைத் தோண்டுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விட்டுவிடாமல் சொல்லியிருக்கிறார். கதை சொல்லும் அவசரத்தில் நாம்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். இந்த இதழில் அந்தக் கட்டத்தில் கொஞ்சம் நிற்கலாம்னு நினைக்கிறேன்.

காளத்தி மலை. ஆறாம் நாள். சிவகோசரியார் மறைந்திருந்து பார்க்கிறார். திண்ணனார் வருகிறார். குடுமித்தேவரின் வலக்கண்ணிலிருந்து இரத்தம் வழிகிறது. கையிலிருந்த இறைச்சி சிதறுகிறது, வில் விழுகிறது, அவரும் விழுகிறார். எழுந்ததும் முதல் வேலையாக, இதைச் செய்தது யார் என்று தேடுகிறார். வேடனா, விலங்கா? யாருமே இல்லை. (நம்ம வீட்டிலும் இதே வரிசைதான் பாருங்க. ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா முதல் கேள்வி, "யாரு உன்னை ஐஸ் மைலோ குடிக்கச் சொன்னது?")

அதற்குப் பிறகுதான் அவருக்குப் பச்சிலை ஞாபகம் வருகிறது. அம்பு பட்ட காயத்துக்கு வேடர்கள் என்ன இலை வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். மலையடிவாரத்துக்கு ஓடுகிறார், பறித்து வருகிறார், தன் கையாலேயே பிழிந்து சாற்றை அந்தக் கண்ணில் விடுகிறார்.

இரத்தம் நிற்கவில்லை.

இங்கேதான் கவனிக்கணும். "நான் பக்தியோடு பிழிந்த சாறு, எப்படிப் பலிக்காமல் போகும்?" என்று அவர் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்றும் சொல்லவில்லை. கண்ணையே பார்க்கிறார். நிற்கவில்லை என்பதைப் பார்க்கிறார். அடுத்து என்ன என்று யோசிக்கிறார். ஊனுக்கு ஊனே மருந்து என்று கேள்விப்பட்டது நினைவுக்கு வருகிறது. மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். இடக்கண்ணிலும் இரத்தம் வந்தபோது அவர் பயப்படவே இல்லை. மருந்து இன்னதென்று தெரிந்துவிட்டது, இன்னொரு கண் மிச்சம் இருக்கிறதே என்று சந்தோஷம்தான் படுகிறார்.

நாம் 'கைவைத்தியம்' என்று சொல்கிறோமே, அதன் முழு இலக்கணமும் இந்த ஒரு காட்சியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இலையைத் தெரிந்து வைத்திருப்பது ஒன்று. தன் கையால் பிழிந்து கொடுப்பது ஒன்று. கொடுத்த பிறகு கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது ஒன்று. கடைசியில் சொன்னதுதான் நம்ம வீடுகளில் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நம்ம கோயிலைப் பாருங்க. எந்தச் சன்னிதியில் நின்றாலும் கையில் விழுவது ஒரு செடியின் பாகம். பெருமாள் கோயிலில் துளசி, சிவன் கோயிலில் வில்வம், அம்மன் கோயிலில் வேப்பிலை. சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-இல் தொடங்கியது. நாராயண பிள்ளையும் அவரோடு வந்தவர்களும் அம்மைக்கும் காலராவுக்கும் பயந்து வாழ்ந்த காலம் அது. நோய் தீர்க்கும் தாயைத்தான் அவர்கள் முதலில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். இன்றைக்கும் பஃபலோ ரோட்டில் காலையில் நடந்தால் வாழையிலை, வெற்றிலைக்குப் பக்கத்திலேயே வேப்பிலைக் கொத்து கிடக்கும். பூஜைக்கு வாங்குகிறவரும் அம்மை போட்ட பிள்ளைக்கு வாங்குகிறவரும் ஒரே கடையில்தான் நிற்பார்கள்.

பெருமாள் கோயில் தீர்த்தத்தில் ஒரு வாசனை வரும், கவனிச்சிருக்கீங்களா? துளசி, ஏலம், கிராம்போடு பச்சைக் கற்பூரம். இந்தக் கற்பூரம் நம்ம ஊரிலிருந்து இங்கே வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பழைய காலத்தில் வழி நேர் எதிர். அந்த மரம் சுமத்ரா, போர்னியோ, மலாய்க் காடுகளில் வளர்வது. சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் பாருஸ் கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். மலாய்க்காரங்க இன்னிக்கும் 'கபூர் பாருஸ்' என்றுதான் சொல்வாங்க. அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'ஐந்நூற்றுவர்' என்ற தமிழ் வணிகக் குழு வைத்த கல். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம ஆட்கள் இந்தக் கடலில் வந்து போயிருக்கிறார்கள். சாம்பிராணியும் அப்படித்தான். சுமத்ராப் பக்கத்து மரப்பிசின் அது. அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாப் பக்கத்துக் குங்கிலியம் என்றார்கள். குங்கிலியக்கலய நாயனார் வீட்டில் அரிசி இல்லாதபோது, நெல் வாங்கக் கொடுத்த தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கிப் போனாரே, வாசனை என்பது நம்ம சமயத்தில் அவ்வளவு பெரிய விஷயம். (வீவக வீட்டில் சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்க. 2018 ஜூனிலிருந்து புது வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதுக்குச் சாம்பிராணிப் புகையும் சமையலறைத் தீயும் ஒண்ணுதான். வீட்டில் ஆஸ்துமா இருக்கிறவங்க இருந்தா புகையே வேண்டாம், பூ போதும்.)

இப்போ அடுப்படிக்கு வருவோம். நான் வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. இரண்டாம் ஆண்டில் எங்களுக்குக் கரைத்துப் பிரித்தெடுத்தல் என்று ஒரு பாடம். அதைப் படித்த வாரம் நான் பாட்டியின் சமையலறையை வேறு கண்ணால் பார்த்தேன். ஒரு மூலிகையின் குணம் நீரில் இறங்குமா, எண்ணெயில் இறங்குமா என்று பார்த்துத்தான் நம்ம பெரியவங்க கஷாயம், தைலம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நீரில் கரைவதற்குக் கஷாயம். வாசனைச் சத்து, கொழுப்பில் கரைவது எல்லாம் தைலத்துக்கும் நெய்க்கும்.

கஷாயத்தில் எளிமையானது திரிகடுகம்: சுக்கு, மிளகு, திப்பிலி. நல்லாதனார் தன் நீதி நூலுக்கு இந்த மருந்தின் பெயரையே வைத்தார். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று இன்னும் இரண்டு நீதி நூல்களும் மருந்துப் பெயரோடுதான் இருக்கின்றன. மனசுக்குச் சொல்லும் புத்திமதியையும் உடம்புக்குக் கொடுக்கும் மருந்தையும் ஒரே பாத்திரத்தில் போட்டவங்க நம்ம முன்னோர். செய்முறை ரொம்பச் சுலபம். மூன்றையும் லேசாக வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டி, ஒரு தேக்கரண்டிப் பொடிக்கு நாலு தம்ளர் தண்ணீர் வைத்து, சிறு தீயில் ஒரு தம்ளராகச் சுண்ட விடணும். ஆறு ஏழு துளசி, ஒரு துண்டு பனங்கருப்பட்டி. பெரியவங்களுக்கு அரைத் தம்ளர் போதும். இஞ்சி இருக்க ஏன் சுக்கு என்று பாட்டியைக் கேட்டால், "அது பச்சை, இது பழுத்தது" என்பார். காயும்போது இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது, அதன் காரம் இன்னும் அதிகம். பாட்டி சொன்னதுக்கு ஆய்வுக்கூடத்துப் பேர் அவ்வளவுதான்.

தைலத்தில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். கரிசலாங்கண்ணிச் சாறு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வெட்டிவேர். அடிகனமான சட்டியில் சிறு தீயில் காய்ச்சணும். சாற்றில் நீர் இருக்கும்வரை எண்ணெய் சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும், சலசலவென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். சத்தம் அடங்கினால் நீர் போய்விட்டது. அந்த நிமிஷத்தை விட்டால் சூடு கிடுகிடுவென ஏறி இலை கருகிவிடும். முன்னாலேயே இறக்கினால் மிச்சமிருக்கும் நீரில் எண்ணெய் பூசணம் பிடித்துவிடும். இதுக்குப் பெரியவங்க வைத்த சோதனை என்ன தெரியுமா? ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்துத் தனியே கொளுத்திப் பார்ப்பது. சடசடத்தால் நீர் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் பதம் வந்துவிட்டது. அடியில் இருக்கும் வண்டலை விரலில் உருட்டிப் பார்த்து மெழுகுப் பதம், மணல் பதம் என்று சொல்வதும் இதற்குத்தான். வெப்பமானி இல்லாமல் வெப்பத்தை அளந்திருக்கிறார்கள். கோயில் விளக்கு சடசடத்தாலும் இப்படித்தான், எண்ணெயிலோ திரியிலோ ஈரம் இருக்கும்.

அளவும் கவனமும் இல்லாமல் இது எதுவும் மருந்தாகாது. அதனால்தான் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேப்பிலை அம்மன் அருள்தான். ஆனால் வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கம் நம்ம மக்களிடையே இருந்தது. கொடுத்த பிள்ளைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு, ஈரல் பாதிப்பு வந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அன்பில்லாமலா கொடுத்தார்கள்? இங்கே சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டைச் சோதிப்பார்கள், 1960களிலிருந்தே இது நடக்கிறது. அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்துருண்டை வாசனைகூட ஆகாது, சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை ஏறும். பெர்பெரின் உள்ள சீன மூலிகைகளை அரசாங்கம் 1978-இல் தடை செய்ததும் பச்சிளம் பிள்ளைகளின் காமாலையை முன்னிட்டுத்தான். அந்தத் தடை பல வருஷம் கழித்துத்தான் தளர்ந்தது. நம்ம மரமஞ்சளில் இருப்பதும் அதே பெர்பெரின்தான். ஆக, தேக்கா பக்கம் நாட்டு மருந்துக் கடையில் 'பிள்ளை மருந்து' வாங்கும் முன்னால் பிள்ளையின் மருத்துவக் கையேட்டைத் திறந்து பாருங்க. பச்சைக் கற்பூரமும் தீர்த்தத்துக்குக் கடுகளவுதான். கைக்குழந்தை பக்கம் எந்தக் கற்பூரமும் வேண்டாம்.

மிளகு விஷயம் ஒன்று. 1998-இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில், மஞ்சளின் குர்குமினோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது, அது இரத்தத்தில் சேர்வது பல மடங்கு கூடியது. நம்ம மிளகுப் பாலுக்குப் பெருமைதான். ஆனால் பொறியியல் மாணவனாக எனக்கு உடனே தோன்றியது வேற. மஞ்சளுக்குக் கதவைத் திறந்துவிடும் மிளகு, தாத்தா சாப்பிடும் மாத்திரைக்கு மட்டும் திறக்காமல் இருக்குமா? சில மாத்திரைகளுக்குத் திறக்கத்தான் செய்கிறது. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். தினமும் கரண்டிக் கணக்கில் சூரணம் சாப்பிடுகிறவர் அதை மருத்துவரிடம் சொல்லித்தான் ஆகணும்.

இப்போ, பிறகு சொல்கிறேன் என்று விட்டதற்கு வருகிறேன். எங்கள் எதிர் புளோக்கில் ஒரு தாத்தாவும் பாட்டியும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்கள். தாத்தாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிய செய்தி ஒன்று, ஆவாரம்பூக் கஷாயம் நாற்பத்தெட்டு நாள் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று. ஒரு மண்டலம் என்றதும் நமக்கு நம்பிக்கை வந்துவிடும் இல்லையா? பாட்டி தினமும் விடியற்காலையில் குளித்து, விளக்கேற்றி, அந்தக் கஷாயத்தைக் காய்ச்சிக் கொடுத்தார். தாத்தா சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு மண்டலம் இரண்டானது. கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம், அது ஆறவே இல்லை. கடைசியில் அந்த விரலையே எடுக்க வேண்டியதாயிற்று.

நான் பார்க்கப் போனபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "தம்பி, நான் குடுத்ததுனாலதானா? சாமிக்கு முன்னாடி வச்சுத்தானே குடுத்தேன்."

நான் படிச்ச எந்தப் பாடத்திலும் இதுக்கு விடை இல்லை. நான் அவருக்குச் சொன்னது கண்ணப்பர் கதையைத்தான். "பாட்டி, கண்ணப்பர் பறிச்ச பச்சிலையும் பலிக்கல. சாமியே முன்னாடி இருந்தார், அவர் கண்ணுலயேதான் பிழிஞ்சார், அப்பவும் பலிக்கல. அதனால அவர் பக்தி குறைஞ்சு போச்சா? நீங்க கொடுத்தது தப்பில்ல. அந்த தொண்ணூறு நாளும் தாத்தா விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி யாரும் உங்களுக்குச் சொல்லல."

ஆவாரம்பூ கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சிறுகுறிஞ்சானும் கெட்டதில்லை. அந்த இலையை மென்றுவிட்டுச் சீனி போட்டுப் பாருங்க, மணல் மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. அதுக்குச் சர்க்கரைக்கொல்லி என்றே பெயர். ஆனால் நாக்கு வேறு, இரத்தம் வேறு. மூலிகையை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் போடலாம், மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிட்டால் ஏறி விரலைத் தின்னலாம். இரண்டையும் கண்ணால் பார்த்து அறிய முடியாது. விரல்நுனிச் சோதனையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் இருப்பது அதற்குத்தான். 2016-இல் சுகாதார அமைச்சு சர்க்கரை நோயின் மீது போர் என்று அறிவித்தபோது நம்ம இந்தியச் சமூகத்துக்குத்தான் அதில் கவலை அதிகம்.

சிலர் கேட்பாங்க, "சம்பந்தர் பாண்டியனின் வெப்புநோயைத் திருநீற்றாலேயே தீர்த்தாரே, நமக்கு மட்டும் ஏன் பாலிகிளினிக்?" நல்ல கேள்விதான். திருநீறு பூசுவோம், பதிகமும் பாடுவோம், நானும் தேர்வுக்கு முன்னால் பாடுகிறவன்தான். ஆனால் அந்தப் பதிகங்களைக் கோயில்தோறும் பாட ஏற்பாடு செய்த சோழர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்கணும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டு. கோயிலோடு சேர்ந்த ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. 15 படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இரண்டு பேர். எல்லாருக்கும் கோயில் கணக்கில் நெல்லும் காசும். சாலையில் இருப்பில் வைக்க வேண்டிய தைலம், நெய், லேகியங்களின் பெயர்களும் கல்லில் வெட்டியிருக்கின்றன. பெருமாள் இருக்கிறார், அவருக்குப் பக்கத்திலேயே கத்தி பிடிக்கிறவருக்கும் சம்பளம் இருக்கிறது. நம்பிக்கை குறைந்தவர்கள் செய்த ஏற்பாடா இது?

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பாருங்க, 95-ஆவது. பத்துக் குறளில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன்னால் சாப்பிட்டது செரித்ததா என்று பார்க்கச் சொல்வதுதான் அதில் பெரும்பகுதி. கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நாலாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். நம்ம வயசில் நாம் மருத்துவர் ஆக முடியாது. அந்த நாலாவது ஆள் ஆகலாம். பாட்டிக்கு மூலிகை தெரியும், மாத்திரை உறையில் இருக்கும் ஆங்கிலம் தெரியாது. நமக்கு ஆங்கிலம் தெரியும், கரிசலாங்கண்ணி எதுன்னு தெரியாது. இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நிற்க வேண்டியதுதான்.

செடி தெரியாதவங்க தாவரவியல் பூங்காவில் இருக்கும் ஹீலிங் கார்டனுக்கு ஒரு நாள் போய் வாங்க. 2011-இல் திறந்தது, நுழைவு இலவசம், நூற்றுக்கணக்கான மருந்துச் செடிகள் பெயர்ப் பலகையோடு நிற்கின்றன. பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், பறிக்கக்கூடாது. பூங்காவிலும் சாலை ஓரத்திலும் இலை பறிப்பது இங்கே குற்றம், அம்மனுக்கே என்றாலும்! வீட்டு நடைபாதையில் துளசி, கற்பூரவள்ளி, ஓமவல்லி என்று எந்தப் பேரில் சொன்னாலும் அந்தத் தடித்த இலைச் செடி, ஒரு தொட்டி கறிவேப்பிலை, இவ்வளவு போதும். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடணும். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. துளசி மாடத்திலேயே டெங்கிக் கொசுவை வளர்த்துவிட்டு உள்ளே போய் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சுவதில் அர்த்தமில்லை.

அந்தப் பாட்டி கஷாயத்தை விட்டுவிடவில்லை. விட்டுவிடச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சுக்கு மல்லி மட்டும், கருப்பட்டி இல்லாமல் போடுகிறார். அடுப்புக்குப் பக்கத்தில் இப்போ ஒரு பள்ளிக்கூட நோட்டு தொங்குகிறது. உயர்நிலை ஒன்று படிக்கும் பேத்திதான் அதில் எழுதுகிறாள், பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாததால். இடப்பக்கத்தில் என்ன காய்ச்சியது, எவ்வளவு கொடுத்தது. வலப்பக்கத்தில் மாத்திரை போட்ட நேரம், விரல்நுனிச் சோதனையின் எண். போன வெள்ளிக்கிழமை பஜனைக்கு அழைத்துப் போகப் போனபோது எட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் 'சுக்கு மல்லி, அரைத் தம்ளர், துளசி 7' என்று இருந்தது. வலப்பக்கம் 8.4, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு. கீழே ஓரத்தில் சின்னதாக ஒரு வேல் படம் போட்டிருந்தாள்.